பனியிலே ஒரு ஓடுபாதை

தாரும் சிமெண்டும் இல்லாமல் விமானம் இறங்கப் பாதை போட முடியுமா? முடியும். அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கும் நம் 'மைத்ரி' நிலையத்துக்குக் கேப் டவுனிலிருந்து பறந்து போகிறவர்கள், அருகிலுள்ள ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்காயா பனிக்கட்டி ஓடுபாதையில்தான் இறங்குகிறார்கள்.

கெட்டியான பனிக்கட்டி இல்லாத இடத்தில் என்ன செய்வது? நம்ம சௌபாட்டி கோலாக்காரரைப் பாருங்கள். துருவிய ஐஸைக் குச்சியில் வைத்து அழுத்தியதும் இறுகிவிடுகிறது. அதேபோல், கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோவே உள்ள புதுப்பனியை, கனத்த உருளைகளால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, 500 கிலோவுக்கு மேல் கொண்டுவருகிறார்கள். பிறகு சும்மா விட்டுவிட வேண்டும். துகள்கள் தொடும் இடங்களில், உருகாமலே, ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. அவசரப்பட்டால் சக்கரம் புதையும்!

அமெரிக்கர்களின் மெக்மர்டோ நிலையத்தருகே 2017-ல் பயனுக்கு வந்த ஃபீனிக்ஸ் ஓடுபாதை இவ்வகையே. அதற்கு முன்பிருந்த பெகாசஸ் பனிக்கட்டிப் பாதையை 2016-ல் மூட வேண்டியதாயிற்று. காற்றில் வந்த கருந்தூசி வெயிலை உறிஞ்சிப் பனிக்கட்டியை உருக்கிவிட்டது.

ஆகவே அங்கே பாதையைக் காப்பது என்றால் அதன் வெண்மையைக் காப்பதுதான். பூமி சூடாகிவரும் இந்நாளில், நம்மவர் போய்வரும் வழியும் அந்த வெண்மையை நம்பியே இருக்கிறது.