பெரியப்பா நாக்கும் என் ஐநூறு ரூபாயும்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் முதலில் விலையைப் பார்ப்பான். "ஊருக்கு ஊர் ஒயின் ருசி மாறும்டா" என்று பெரியப்பா சொன்னபோது, "அதெல்லாம் லேபிள் ருசி. விலையை ஏத்த ஒரு வழி" என்று சொல்லித் தொலைத்தேன்.

பெரியப்பா செல்லிப்பட்டில் செட்டிலான சொல்தா. அதாவது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குபவர். ரோஷம் ஜாஸ்தி. "ஐநூறு ரூபா பந்தயம்!" என்றார்.

பாண்டியில் இரண்டு பாட்டில் வாங்கினேன். இரண்டுமே சோவின்யோன் பிளாங்க் என்கிற ஒரே ஜாதி வெள்ளைத் திராட்சை. ஒன்று பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு, மற்றது நம்ம நாசிக். துண்டால் பெரியப்பாவின் கண்ணைக் கட்டி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். (பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டது தனிக் கதை.)

"இது எலுமிச்சங்கா மாதிரி சுள்ளுனு இருக்கு. குளிர் ஊரு, லுவார். அது பழ வாசனை தூக்கல். வெயில்ல பழுத்தது, நாசிக்."

அவுட்!

தோற்ற ஆத்திரத்தில் புத்தகங்களைப் புரட்டினேன். வெயில் ஏற ஏறத் திராட்சையில் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். ராத்திரி குளிர்ந்தால் புளிப்பு கொஞ்சம் தங்கும். சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நாசிக்குக்கு அந்தக் குளிர் கிடைக்கிறது. பிரான்சில் பனிக்காலம் முழுக்கக் கொடி தூங்கும். நாசிக்கில் தூங்காது. வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்து, மழை போன பிறகு பழுக்கவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிடுகிறார்கள். மண்ணின் ருசி நேராகப் பழத்தில் ஏறுவதில்லையாம். தண்ணீரை எவ்வளவு பிடித்து வைக்கிறது, எவ்வளவு வடியவிடுகிறது என்பதுதான் மண்ணின் வேலை. கொடி கொஞ்சம் தவித்தால் பழம் சின்னதாகும், ருசி கெட்டியாகும்.

எந்த ஊர்ப் பெயரை யார் ஒட்டலாம் என்று பிரெஞ்சுக்காரன் 1935-லேயே சட்டம் போட்டுவிட்டான். நம்மூர் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வருஷம் பூரா அறுவடை!

"செல்லிப்பட்டுல போட்டா என்ன பெரியப்பா?"

"கொல்லையில போட்டேனே. இலை தளதளன்னு வந்துச்சு. பழம் சப்பு. ராத்திரியும் வேர்க்கிற ஊர்ல புளிப்பு எப்பிடிடா நிக்கும்?"

கொஞ்ச நேரம் சங்கராபரணிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரிசுக்கே வந்துடுங்கன்னு பையன் கூப்பிடுறான். போன தடவை மூணு மாசம் இருந்தேன். சோறே எறங்கல."

நான் பதில் சொல்லவில்லை. பெரியம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சரி, எங்கடா ஐநூறு?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். பாக்கி ஒயினையும் அவரே வைத்துக்கொண்டார்.