கறள் பிடித்த மரைகளும் எமது வாகனங்களின் முன்சில்லும்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய காரின் முன்சில்லு திடீரென மடிந்து விழுவதை வாசகர்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் அண்மையில் நாமும் அதைக் கண்டோம். ஆலய ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பிய மொறிஸ் மைனர் காரின் இடது முன்சில்லு மட்காட்டின் கீழ் சாய்ந்துவிட, கார் மூக்கை நிலத்தில் குத்தி நின்றது. வேகம் குறைவாக இருந்தபடியால் உள்ளே இருந்த முதிய தாயாருக்கும் பேரப்பிள்ளைக்கும் காயமெதுவும் இல்லை. பிரதான வீதியில் பஸ் ஒன்றுக்கு முன்னால் இது நடந்திருந்தால் என்ன கதி என்று சாரதி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் குடும்பத்தைப் பார்க்கிறார்.

விழுந்த சில்லைக் கழற்றிப் பார்த்தபோது குற்றவாளி ஒரு மரை என்பது தெரிந்தது. மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. இதன் முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் இரு முனைகளிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை 'ட்ரனியன்' எனப்படும் துண்டுக்குள் பூட்டப்பட்டிருக்கும். சாதாரண போல்ட்டின் மரை இறுகி நிற்பதற்காக உள்ளது. இந்த மரையோ சுழல்வதற்காகவே உள்ளது. ஸ்ரியறிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்டு ட்ரனியனுக்குள் சற்றுச் சுழலும். ஆகவே அங்கு கிறீஸ் எப்போதும் இருக்க வேண்டும். 1,000 மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்கும்படி அந்தக் காலக் கைநூல்களில் சொல்லப்பட்டது. கிறீஸ் இல்லாத இடத்தில் மணலும் உப்புத் தண்ணீரும் புகுந்து இரண்டில் ஒன்றைச் செய்யும். மரையைத் தேய்த்துத் தண்டு கழன்று வரச் செய்யும். அல்லது கறள் பிடித்து இறுகச் செய்யும். இந்தக் காரின் இடது பக்கம் தேய்ந்து கழன்றது. வலது பக்கம் இறுகிக் கிடந்தது. ஸ்ரியறிங் சில மாதங்களாகப் பாரமாக இருந்ததாகச் சாரதி சொன்னார். வயதான கார் அப்படித்தான் இருக்கும் என்று அவர் எண்ணியிருக்கிறார்.

1990களின் முற்பகுதியில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், இதே வகைக் கார்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் மணமக்களையும் ஏற்றி இறக்கின. அந்தக் காலத்துக் கெட்டித்தனம் எமது திருத்துநர்களிடம் இன்றும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கிராமங்களில் இருந்த வான்களும் கார்களும் மேலும் முதுமையடைந்தன. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வானுக்கும் இந்தக் காருக்கும் இவ்விடயத்தில் பெரிய வித்தியாசமில்லை. கறள் எல்லாவற்றிலும் ஒரே விதமாகவே வேலை செய்கிறது.

கார் கொண்டு செல்லப்பட்ட பட்டறையில் தொழில் பழகும் பெடியன்கள் மூவர். வலது பக்கத்தைக் கழற்றும் வேலை அவர்களிடம் கொடுக்கப்பட்டது. மூத்தவன் 13 மில்லிமீற்றர் ஸ்பானரை எடுத்துப் போட்டு, அதன் நுனியில் நீளமான குழாயைச் செருகித் தன் முழுப் பாரத்தையும் போட்டான். ஸ்பானர் வழுக்கியது. போல்ட்டின் தலையில் ஒரு மூலை உருண்டது. அவனுடைய கை முட்டியும் உரிந்தது. பெரியவர் ஓடிவந்தார்.

"தம்பி, இது அங்குலக் கார். அரை அங்குல ஸ்பானர் எங்க?"

"பதின்மூண்டும் போகுதுதானே அண்ணை?"

"போகும். பிறகு தலையையும் கொண்டு போகும்."

அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 இன் ஸ்பானர் அதில் 0.3 மில்லிமீற்றர் தளர்ந்து நிற்கும். சாதாரண போல்ட்டுக்கு அது பெரிதல்ல. கறள் பிடித்த போல்ட்டுக்கு அதுவே தலையை உருட்டப் போதும். முக்கால் அங்குலத்துக்கு 19 பொருந்தும். வித்தியாசம் மிக மிகச் சிறிது. வாய் திறந்த ஸ்பானரையும் அஜஸ்ரபிள் ஸ்பானரையும் இந்த வேலைக்குத் தொடவே கூடாது என்பார் பெரியவர். ஆறு மூலைகளையும் பிடிக்கும் சொக்கற் அல்லது றிங் ஸ்பானர்தான் வேண்டும். தலையில் உள்ள கறளைக் கம்பித் தூரிகையால் உரசிய பின்னரே ஸ்பானரை அடித்து ஏற்ற வேண்டும்.

அன்று பின்னேரம் வேறெதுவும் கழற்றப்படவில்லை. மரைகளின் வெளியே தெரிந்த பகுதிகளைத் தூரிகையால் துப்புரவாக்கி, எண்ணெய் விட்டு, மெல்லச் சுத்தியலால் தட்டி, மீண்டும் எண்ணெய் விட்டார்கள். மறுநாள் காலையும் மாலையும் அதே வேலை. சாரதிக்கோ பொறுமையில்லை, வாடகை ஓட்டம் இரண்டு நாள் போய்விட்டது. நாமும் முதலில் அவர் பக்கமே நின்றோம். இது தாமதமல்ல, வேலையே இதுதான் என்பதைப் பின்னர் விளங்கிக்கொண்டோம்.

இரும்பு கறளாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையே இருந்த நூலளவு இடைவெளி இதனால் இல்லாமற் போகிறது. எண்ணெய் அந்தக் கறளைக் கரைப்பதில்லை. அதன் நுண்ணிய வெடிப்புகளுக்குள் ஊறிச் சென்று வழுக்க வைக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். சுத்தியலின் அதிர்ச்சி புதிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. மரையின் நுனியில் நேரே அடித்தால் நுனி பூப்போல விரிந்து நட்டு வெளியே வராது போகும் என்பதால், பழைய நட்டு ஒன்றை நுனிக்குச் சமமாகப் பூட்டிவிட்டு அடிப்பது நல்லது.

எந்த எண்ணெய் சிறந்தது என்று பலரும் கேட்பர். 1953 இல் உருவாக்கப்பட்ட டபிள்யூ.டி.-40 இன்று எல்லாக் கடைகளிலும் உண்டு. ஆனால் அது முதலில் செய்யப்பட்டது ஈரத்தை விலக்கிக் கறளைத் தடுப்பதற்கே. இறுகிய மரைக்கென்றே செய்யப்பட்ட எண்ணெய்கள் வேறு உள்ளன. பெரியவரின் பட்டறையில் அசற்றோனும் ஏ.ரி.எஃப். ஒயிலும் சம பங்காகக் கலந்த போத்தல் ஒன்று இருந்தது. அவை தாமாகவே பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசற்றோன் இலகுவில் தீப்பற்றும். ஆகவே சூடாக்கும் வேலையும் இதுவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடாது. இவை எதுவும் கைவசம் இல்லாதபோது மண்ணெண்ணெயும் உதவும். நாட்கள்தான் கூடுதலாக எடுக்கும்.

மூன்றாம் நாள் காலை பெரியவர் பெடியனை அழைத்தார். "முதல்ல கொஞ்சம் இறுக்கு."

"கழட்டத்தானே வேணும் அண்ணை?"

"இறுக்கினாத்தான் கழரும். நீ செய்து பார்."

பெடியன் இறுக்கும் பக்கமாக மயிரளவு அசைத்தான். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கறளின் பிடி விட்டதற்கு அதுவே அடையாளம். பின் கழற்றும் பக்கமாகக் கால் சுற்று, மீண்டும் இறுக்கும் பக்கமாகச் சிறிது, எண்ணெய், மறுபடியும் கால் சுற்று. இப்படி முன்னும் பின்னுமாக நகர்த்தும்போது கறள் தூளாகி வெளியே வருகிறது. ஒரே மூச்சாகக் கழற்றினால் அந்தத் தூள் மரைக்குள்ளேயே திரண்டு மறுபடி இறுக்கிவிடும்.

கை உணர வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஸ்பானர் சத்தமின்றி, றப்பர் போல இளகித் திரும்பினால் உடனே நிறுத்த வேண்டும். அங்கே மரை கழரவில்லை, போல்ட் முறுகுகிறது. அடுத்த அரைச் சுற்றில் அது முறியும். முறிந்த துண்டைத் துளைத்து எடுப்பது ஒரு நாள் வேலை. சில வேளை துண்டோடு தாய்ப்பாகமும் போய்விடும்.

கீழ்க் கையில் இருந்த ஒரு நட்டு எதற்கும் அசையவில்லை. அதற்குச் சூடு காட்டினார்கள். சூட்டை நட்டுக்கே கொடுக்க வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. 12 மில்லிமீற்றர் துளை 300 பாகை சூடேறினால் விரிவது மில்லிமீற்றரின் நூற்றில் நான்கு பங்கு மட்டுமே. ஆயினும் கறளை உடைக்க அது போதும். சூடு சற்றுத் தணிந்ததும் பெரியவர் ஒரு மெழுகுதிரித் துண்டை மரையில் தொட்டார். உருகிய மெழுகு உள்ளே இழுபட்டுப் போவதைக் கண்ணால் கண்டோம். ஆலயத்தில் எரிந்து மிஞ்சும் துண்டுகளைச் சங்கிலித்தாம் அவருக்குச் சேர்த்துக் கொடுப்பாராம்!

சூட்டைப் பற்றிப் பெரியவர் கடுமையாகவே பேசினார். றப்பர் புஷ், பிறேக் குழாய், பெற்றோல் குழாய் ஆகியவற்றின் அருகே சுவாலையைக் கொண்டுபோகக் கூடாது. சொக் அப்சோபருக்குள் ஒயிலும், புதிய வகைகளில் அழுத்தப்பட்ட வாயுவும் இருப்பதால் அது வெடிக்கலாம். குளோரின் சேர்ந்த பிறேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சூடாக்கினால் நச்சு வாயு உண்டாகும். 8.8 அல்லது 10.9 என்று தலையில் பொறித்த போல்ட்கள் உறுதியூட்டப்பட்டவை. ஒருமுறை சிவக்கச் சூடாக்கினால் அந்த உறுதி போய்விடும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அதையே மீண்டும் பூட்டி அனுப்புவதும், கூரைக்குப் போடும் சாதாரண போல்ட்டை வாங்கிப் பூட்டுவதும் சில இடங்களில் நடக்கின்றன. சில்லைத் தாங்கும் இடத்தில் இது மன்னிக்கத்தக்க சிக்கனம் அல்ல என்பதே எமது கருத்து. போல்ட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் சூட்டைவிட, நட்டை ஹெக்சோ பிளேட்டால் ஒரு பக்கம் அறுத்து உளியால் பிளப்பதே மேல். நட்டு மலிவானது.

ஜப்பான் வான்களில் தொல்லை வேறு வடிவில் வரும். நட்டு இலகுவாகக் கழரும். போல்ட் மட்டும் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு கறள் பிடித்து நிற்கும். ஸ்பானரால் திருப்பினால் றப்பரும் சேர்ந்து முறுகும். அங்கே பல தடவை புஷ்ஷையும் போல்ட்டையும் ஒன்றாக அறுத்து எடுத்துப் புதிதாகப் போடுவதே வழி. புதிய புஷ்ஷின் போல்ட்டைச் சில்லு நிலத்தில் நின்று வாகனத்தின் பாரம் ஏறிய பின்னரே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும்.

வாகனத்தின் கீழே போகுமுன் ஒரு சொல். ஜக்கை மட்டும் நம்பியோ, சீமெந்துக் கல்லை அடுக்கியோ கீழே படுக்கக் கூடாது. சீமெந்துக் கல் முன்னறிவிப்பின்றி நொருங்கும். இரும்புத் தாங்கி அல்லது தடித்த மரக் குற்றி வேண்டும். மொறிஸ் மைனரில் முறுக்குத் தண்டின் விசை கீழ்க் கையை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். ஜக்கால் தாங்காமல் விடுவித்தால் கை பாய்ந்து அடிக்கும். சுருள் ஸ்பிறிங் உள்ள கார்களில், ஸ்பிறிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நடு நட்டைத் தொடவே வேண்டாம்.

மூன்றாம் நாள் பின்னேரம் வலது தண்டு வெளியே வந்தது. ட்ரனியனில் இருந்து அதைச் சுழற்றி எடுக்குமுன் பெரியவர் பெடியனை நிறுத்தி, மரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கச் சொன்னார். இக்காரில் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. பாராமல் திருப்பினால் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்போம். வெளியே வந்த தண்டின் மரையில் கால்வாசி தேய்ந்திருந்தது. இறுகியிராவிட்டால் அதுவும் இடது பக்கத்தைப் போலவே ஒரு நாள் கழன்றிருக்கும். கறள் ஒரு வகையில் காப்பாற்றியிருக்கிறது என்று சாரதி சிரித்தார்.

இரு பக்கத்துக்கும் புதிய தண்டும் ட்ரனியனும் போடப்பட்டன. அவை இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுவதால் தருவிக்க முடிந்தது. செலவில் ஒரு பகுதியைச் சாரதி தவணையாகக் கொடுத்து வருகிறார். கார் இப்போது 1,000 மைலுக்கு ஒரு முறை பட்டறைக்கு வருகிறது. சில்லு நிலத்தை விட்டு எழும்பும்படி ஜக்கில் ஏற்றி, பெடியன் ஸ்ரியறிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப, பழைய கிறீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை சாரதியே தன் கையால் கிறீஸ் அடிக்கிறார்.