அடிக்கட்டையும் முந்தானையும்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்தவரா நீங்கள்? அப்படியானால் கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16 அன்று பொழுது விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் லட்சக் கணக்கில் சாய்ந்தன. முறிந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தலாம். மண்ணில் நிற்கும் அடிக்கட்டையை என்ன செய்வது?

"கிடக்கட்டும், தானே மக்கிவிடும்" என்பார் வீட்டுக்காரர். மக்கும், வாஸ்தவந்தான். ஆனால் மக்குகிற தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை! அங்கே பிறக்கும் வண்டு, நீங்கள் ஆசையாக வைத்த புதுக் கன்றின் குருத்தைத் துளைக்கும்.

இதற்கென்று டிராக்டரின் பின்னால் மாட்டும் யந்திரம் ஒன்று உண்டு. உங்கள் சமையலறைத் தேங்காய்த் துருவியேதான். உருவம் மட்டும் பெரிசு! பல் வைத்த இரும்புத் தட்டு சுழன்று, கட்டையைத் துருவித் தள்ளும். பெரும் பள்ளம் விழாது; பக்கத்து மரத்தின் வேரும் பிழைக்கும்.

வாங்குமுன் பாருங்கள்

டிராக்டரில் எழுதியிருக்கும் குதிரை சக்தி முழுவதும் பின்பக்கச் சுழல் தண்டுக்கு வராது. அங்கே கிடைப்பதற்கு ஏற்ற யந்திரமாக வாங்குங்கள். தேய்ந்த பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

யந்திரத்தில் ஒரு மெலிந்த போல்ட் இருக்கும். தட்டு கல்லில் சிக்கினால் அது முறிந்து மற்றதைக் காப்பாற்றும். "அடிக்கடி முறிகிறதே" என்று கெட்டியான போல்ட் போடுவது, ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் செருகுவது போலத்தான்.

பட்டறையில் கவனம்

சுழல் தண்டை அந்தந்த டிராக்டருக்கு அளந்து வெட்ட வேண்டும். நீளம் மிஞ்சினால் யந்திரத்தைத் தூக்கும்போது முட்டும், குறைந்தால் கழன்றுவிடும். இங்கேதான் விபரீதம்! தண்டை வெட்டுகிறவர்கள், அதன் மேலுறையையும் அதே அளவு வெட்டிப் போடச் சோம்பி, உறையையே எறிந்துவிடுவதுண்டு.

தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, விநாடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. ஒரே விநாடியில் சுமார் இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். வேலையாளுக்குக் காப்பி கொண்டுபோன பெண்ணின் முந்தானை பட்டால், "ஐயோ" என்று கத்தவும் அவகாசம் இராது. வேட்டிக்கும் துண்டுக்கும் பின்னலுக்கும் இதே கதிதான்.

ஆகவே, உறையைப் போடச் சொல்லுங்கள். உறை கூடவே சுற்றாமலிருக்க அதன் சங்கிலியை மாட்டச் சொல்லுங்கள். சிராய் தெறிக்காமல் தட்டைச் சுற்றி ரப்பர்த் திரை கட்டச் சொல்லுங்கள். தண்டு நின்ற பிறகே யாரும் அருகில் போகலாம்.

துருவலைக் குவித்து வைக்காதீர்கள். குவியலிலும் வண்டு முட்டையிடும். மெல்லப் பரப்பி உலர விடுங்கள். வாடல் நோயில் பட்ட மரமானால், துருவலைத் தோப்பில் பரப்பாமல் எரித்துவிடுவது உத்தமம்.

"யந்திர விஷயம் உனக்கு என்ன தெரியும்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டுமே! "தண்டுக்கு உறை இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள். கட்டை இன்று போகாவிட்டால் நாளை போகும். கை போனால் திரும்பி வருமா?