கூந்தன்குளத்து விருந்தாளிகள்

பாஸ்குத் திருநாள் முடிந்த அந்த வாரத்தில், என் தாயாரைக் காணக் குடும்பத்தோடு நாங்குநேரி வட்டாரத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின் சென்ற பயணம் அது. ஆச்சியிடம் என்ன பேசுவதென்றே என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலையில், "வாங்க பிள்ளைகளா, கூந்தன்குளத்து விருந்தாளிகளைப் பார்த்துட்டு வருவோம்" என்று அம்மா எங்களைக் கிளப்பினார்கள்.

கூந்தன்குளம் 1994-ம் ஆண்டு பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் அரசு ஆணைக்கு நெடுங்காலம் முன்பே, ஊர் மக்கள் பறவைகளைத் தாமாகவே காத்து வந்தனர். குளத்து மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுகிறதே, மீன் நாற்றம் வீசுகிறதே என்று எவரும் விரட்டுவதில்லை. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் ஊறிய குளத்து வண்டலோ வயலுக்கு நல்ல உரம்!

இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தோடு திரும்பிவிட்டன. இளவேனிலில் நாங்கள் கண்டவை, குஞ்சுகளோடு நிறைந்த கூடுகள். வெயில் ஏறியது. ஒரு நாரை தன் இறக்கைகளை விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் தந்து அசையாமல் நின்றது. இரை தேடப் போன அதன் துணை வந்து சேர்ந்தது. தாயும் தந்தையும் முறைவைத்தே குஞ்சுகளைப் பேணுகின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டறிந்தனர்.

"எவ்வளவு நேரம் ஆச்சி இப்படியே நிற்கும்?" என்றாள் என் இளைய மகள்.

"வெயில் இறங்குற மட்டும் நிக்கும்" என்ற அம்மா, தம் முந்தானையை அவள் தலைமேல் பிடித்திருந்தார்கள். பிறகு என்னைப் பாராமலே, "குளத்துல தண்ணி கிடந்தா வருசம் தவறாம வந்துரும்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

வானத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கும்படி நம் ஆண்டவர் மலைப்பொழிவிலே பணித்தார். உணவைப் பற்றிய கவலை வேண்டாம் என்பதே அதன் பாடமென எண்ணியிருந்தேன். அன்று எனக்குக் கிடைத்ததோ வேறொரு பாடம்.

அன்பர்களே, இவ்விடுமுறையில் பிள்ளைகளை அவர்களுடைய தாத்தா பாட்டியிடம் அழைத்துச் செல்லுங்கள். விடியற்காலையில் ஊர்க் குளக்கரைக்குச் சேர்ந்து போங்கள். கூடுகளை நெருங்காமல், கூச்சலிடாமல், தள்ளி நின்று பாருங்கள். பறவைகளின் பெயர்களைப் பெரியவர்களே சொல்லிக் கொடுக்கட்டும். அவர்கள் காத்திருப்பது நம் பரிசுப் பொருள்களுக்காக அல்ல, நம் வரவுக்காகவே.