காலடி மண்ணைக் கேட்டோமா?

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்றால் குலம், ஜாதகம், உத்தியோகம் தொடங்கிப் பையனின் பாட்டிக்கு உள்ள முன்கோபம் வரையில் விசாரித்து விடுகிறோம். மனை வாங்கும்போதோ, தெருவின் அகலம் என்ன, ரயிலடி எவ்வளவு தூரம், வாசல் எந்தத் திசை என்ற மூன்றே கேள்விகளுடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு விடுகிறோம். அந்த மனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் மிக அபூர்வம்.

நாமும் கேட்காதவர் கூட்டத்திலேதான் இருந்தோம். நமக்குப் புத்தி புகட்டியது ஒரு சுவர்.

நாம் பாடம் சொல்லிக் கொடுக்கும் பள்ளி கரிசல் காட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதற்கு இரண்டு புதிய வகுப்பறைகள் கட்டினார்கள். செவல் பூமியில் ஏற்கெனவே கட்டி நன்றாக நின்ற ஒரு கட்டிடத்தின் வரைபடத்தையே இங்கும் கொண்டு வந்து, அதே ஆழத்தில் கடைகால் தோண்டி, அதே அளவில் சுவர் எழுப்பினார்கள். வர்ணம் பூசித் தோரணம் கட்டித் திறப்பு விழாவும் ஆயிற்று. முதல் ஐப்பசி மழைக்குப் பின் கதவு மூட மறுத்தது. அடுத்த சித்திரையில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரையில் சுவர் வாய் பிளந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அடிக்கோலை அந்தப் பிளவில் செருகி, "ஸார், பாதி உள்ளே போகிறது!" என்று உற்சாகமாகக் காட்டினான். மறுநாள் அறையைப் பூட்டி விட்டோம். அறுபது குழந்தைகள் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். எழுபது வயதுக் கிழவர். "கரிசல் மண் மூச்சு விடும், ஐயா. சுக்கான் தட்டுகிற மட்டும் தோண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணலாவது நிரப்பியிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைக் குதப்பினார். பட்டம் பெற்ற நமக்கு அவர் வார்த்தையின் உட்பொருள் புத்தகங்களைப் புரட்டிய பிறகே விளங்கிற்று.

கரிசலில் உள்ள களிமண்துகள் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்துகள் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. மழை பெய்தால் தகடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் உப்புகிறது. கோடையில் நீர் வற்ற, மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. இந்தக் குணந்தான் பருத்திக்கும் சோளத்துக்கும் உயிர். மழை நின்ற பின்னும் ஈரத்தைப் பிடித்து வைத்து மானாவாரிப் பயிரைக் காப்பாற்றுகிறது. அதே குணம் வீட்டுக்கு எமன். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென்றே அடிப்பாகம் குமிழ் போல் அகன்ற தூண்களை வகுத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கீழே, மழையும் வெயிலும் மண்ணின் ஈரத்தை அதிகம் மாற்றாத ஆழத்தில், அத்தூண் காலூன்றிக்கொள்கிறது. ஆகவே, பரிகாரம் இல்லாமற் போகவில்லை. எந்த மண் என்று முன்கூட்டிக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு கட்டிடத்தின் கதை இது. ஒரு ஜில்லாவுக்கே இப்படித் தவறான இடம் தேர்ந்துவிட்டால்?

சென்னைப் பட்டணத்தின் தென்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவான்மியூர், பெஸன்ட் நகர் பக்கம் கடலோர மணல். பெய்கிற மழையை அப்படியே குடித்துவிடும். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை மேலே எட்டிப் பார்க்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, தாழ்ந்த களிமண் தட்டில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுற்றுப்புறத்து ஏரிகளில் நிரம்பி வழியும் நீரெல்லாம் இங்கே வந்து இளைப்பாறி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலை நோக்கிச் செல்லும். பூமியின் அமைப்பை அறிந்த எவரும் இதைத் தொட்டிருக்க மாட்டார். நாமோ குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், அடுக்கு மாளிகைகள் எழுப்பினோம். ஆயிரக்கணக்கான ஹெக்டேராகப் பரந்திருந்த சதுப்பு சில நூறாகக் குறுகிய பிறகே அதன் ஒரு பகுதி 2007ல் காப்புக் காடாயிற்று. 2022ல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. இதற்கு நடுவில் 2015 டிசம்பர் முதல் தேதி வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை. நீர் தன் பழைய வீட்டு விலாசத்தை மறக்கவில்லை. வேளச்சேரிக்கும் முடிச்சூருக்கும் நேரே வந்து கதவைத் தட்டிற்று.

2003ஆம் ஆண்டில் சர்க்கார் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது மிகவும் போற்றத்தக்க காரியம். ஆனால் அதிலும் மண்ணைக் கேட்க மறந்த வீடுகள் பல. மணற்பாங்கான இடத்தில் சிறு குழியே போதும். களிமண் பகுதியில் அதே குழி, நீர் இறங்காமல் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். அங்கே களித் தட்டைத் துளைத்துக் கீழுள்ள மணற்படுகை வரையில் குழாய் இறக்க வேண்டும்.

மலைநாட்டின் கதை இன்னும் கடுமை. நீலகிரியின் பாறை பல காலமாக வெயிலிலும் மழையிலும் மக்கி, மேலே கனத்த மண் போர்வையாகக் கிடக்கிறது. சரிவின் அடிக்காலை வெட்டிச் சாலையும் விடுதியும் அமைத்து, மேலே நீர் வடியும் வழியையும் அடைத்து விட்டால், பெருமழையில் போர்வை வழுக்கும். 1978, 1979லும், 2009 நவம்பரிலும் அப்படித்தான் வழுக்கி உயிர்களை வாங்கிற்று. பக்கத்து வயநாட்டில் 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும் பட்ட பாட்டை நாடே கண்டு கலங்கியது. 1851ல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வு நிலையம், எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்தானது என்று வண்ணமிட்ட படங்களைத் தயாரித்திருக்கிறது. அப்படம் அலமாரியில் இருப்பது வேறு. கட்டிட அனுமதி கொடுக்கும் மேஜைமீது இருப்பது வேறு.

மண்ணைத் தரம் பிரிப்பது நமக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பார்த்து வாழ்வை வகுத்தவர்கள் நம் முன்னோர். வெள்ளைக்காரர் ஆட்சியிலும் அதிகாரிகள் வயல் வயலாக நடந்து கரிசல், செம்மண், மணல் என்று தரம் எழுதினார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது மண்ணின் க்ஷேமத்தையன்று; எவ்வளவு தீர்வை கறக்கலாம் என்பதையே. அமெரிக்காவில் 1930களில் புல்வெளிகளை உழுது தள்ளியதால் மேல்மண் புழுதியாய்க் கிளம்பி, 1934 மே மாதத்தில் நியூயார்க், வாஷிங்டன் வரையில் வந்து சூரியனை மறைத்தது. ஹியூ பென்னட் என்ற மண் நிபுணரின் இடைவிடாத முயற்சியால் 1935ல் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பின்னர் அந்நாட்டார் நிலங்களை எட்டு வகுப்பாகப் பிரித்தார்கள்: முதல் நான்கும் உழவுக்கு ஏற்றவை, மற்றவை மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் உரியவை. எட்டாவதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டியதுதான்.

நம் நாட்டில் நாகபுரியில் 1976 முதல் இதற்கென ஒரு மத்திய நிலையம் இயங்குகிறது. மாகாணங்களுக்கு அது வெளியிட்ட மண் படங்களில் ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டரைக் கிலோமீட்டர். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் நிலம் அதில் குண்டூசி முனை! ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர் என்ற அளவில் எடுக்கும் படத்திலேதான் அந்த நிலம் சட்டைப் பொத்தான் அளவாவது தெரியும். அத்தகைய படம் ஒவ்வொரு கிராமத்துக்கும் வேண்டும் என்பது நம் கட்சி.

காவேரிப் படுகை விஷயத்தில் 2020ல் தமிழ்நாடு ஒரு நல்ல சட்டம் செய்தது. அந்த வண்டல் பூமியில் புதிய எண்ணெய்க் கிணறு, தோல் பதனிடும் ஆலை முதலியவை கூடாதென்று விதித்தது. ஆனால் எல்லையை வகுத்தது ஜில்லாவையும் ஒன்றியத்தையும் கொண்டு. வண்டலுக்கு ஒன்றிய எல்லை தெரியுமா? அது ஆறு போட்ட இடத்தில் கிடக்கிறது. மற்றோரிடத்தில், பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு தெருவையும் சர்வே எண்ணையும் பார்க்கிறதே தவிர, ஆயிரம் வருஷம் சோறு போட்ட வண்டலையும் புல் முளைக்காத சரளை மேட்டையும் வேறு பிரிப்பதில்லை. தொழிற்சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சரளை மேடு அதற்காகக் காத்துக் கிடக்கிறது என்றுதான் சொல்லுகிறோம்.

பூட்டிய அறைக்கு எதிரே, வேப்பமரத்தடியிலிருந்தே நாம் ஒரு வேலை ஆரம்பித்தோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கிளம்பி, ஊர் எல்லைக்குள் நாற்பத்தொரு இடங்களில் குழி தோண்டினார்கள். எத்தனை அடியில் சுக்கான், எங்கே செவல் தொடங்குகிறது, எந்தக் கிணறு உவர் என்று பெரியவர்களையும் கேட்டு எழுதினார்கள். ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்தி, "அது பள்ளம்டா தம்பி, என் கல்யாணத்தின்போது அங்கே ஊருணி இருந்தது" என்று காட்டிய இடத்தில், மூன்றடிக்குக் கீழே கரம்பை மண்ணும் நத்தை ஓடுகளும் கிடைத்தன. பிள்ளைகள் அவ்விடத்துக்கு நீல வர்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

புதிய அங்கன்வாடிக்கு ஊரில் பேசி வைத்திருப்பது அந்த நீல இடத்தைத்தான். அடுத்த கிராம சபை கூடும்போது, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாற்பத்தொரு குழி தோண்டியவர்களும் நம்மோடு வருகிறார்கள். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.