கரையோரக் கடலில் கப்பல் தேடும் விமானங்கள்

பாய்மரக் கப்பலுக்கு நடுக்கடலைவிடக் கரையே பெரிய ஆபத்து. புயல் அதைத் தள்ளிவந்து மணல்திட்டில் மோதவிடும். மூடுபனியில் கலங்கரை விளக்கம் தெரியாமல் பாறைமேல் ஏறிவிடும். அதனால் உடைந்த கப்பல்களில் கணிசமானவை கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு மூன்று ஆள் ஆழத்தில் கிடக்கின்றன. ஆனால் தேடுவதற்குக் கடினமான இடமும் அதுதான். ஒலியால் அடித்தரையைத் தேடும் சோனார் கருவி பொருத்திய ஆய்வுப் படகு அலை உடையும் பகுதிக்குள் போனால் தரைதட்டும். போகமுடிந்த இடத்திலும், ஆழம் குறையக் குறைய சோனார் ஒருமுறையில் பார்க்கும் அகலம் சுருங்கிவிடும்; கொஞ்ச இடத்தை அலசவே படகு திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். நிலத்தை அளப்பவர்கள் தண்ணீர் விளிம்போடு நின்றுவிடுகிறார்கள். இரு தரப்பும் விட்டுவைத்த இந்தக் குறுகிய பட்டை பல நாடுகளின் வரைபடங்களில் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. விமானத்துக்கு வேலை இங்கேதான்.

எளிய வழி, கீழே பார்த்துப் படம் எடுப்பது. 1930களில் பிரெஞ்சுப் பாதிரியார் அந்துவான் புவாதபார், லெபனானின் டயர் நகரத்தில் மூழ்கிப்போன பழைய துறைமுகத்தை விமானப் படங்களின் துணையோடு தேடினார். படத்தில் நீருக்கடியில் தெரிந்த கருமையை முக்குளிப்பவர்கள் இறங்கிச் சரிபார்த்தார்கள். வானம் சந்தேகத்தை எழுப்ப, நீருக்குள் இறங்கியவர் அதைத் தீர்த்துவைக்கும் அந்த முறை இன்றுவரை மாறவில்லை.

2015 ஏப்ரலில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் ஒன்று மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையோரமாக வழக்கமான ரோந்து சென்றது. ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகளுக்கு அருகே, தெளிந்த நீருக்கடியில் கப்பல்களின் உடல்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுள் ஒன்று ‘ஜேம்ஸ் மெக்பிரைட்’. 121 அடி நீளமுள்ள அந்தப் பாய்மரக் கப்பல் 1857 அக்டோபர் புயலில் சிக்கியது. இன்று 5 முதல் 15 அடி ஆழத்தில் கிடக்கிறது. இன்னொன்று 1917இல் கரைதட்டிய ‘ரைசிங் சன்’ என்ற மர நீராவிக் கப்பல். அதிலிருந்த 32 பேரும் பிழைத்தார்கள். அந்த 2015 ஏப்ரலில் ஏரியின் பனிக்கட்டி அப்போதுதான் உருகியிருந்தது. நீர் இன்னும் குளிர்ந்திருந்ததால் பாசி பெருகவில்லை. வெளியிலிருந்து வந்து பரவிய குவாகா சிப்பிகள் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று ஏரியைப் பல ஆண்டுகளாகவே தெளிவாக்கிவந்தன. இரண்டு மாதம் கழித்துப் பறந்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. வான்வழித் தேடலில் கருவியைவிடக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்: வெயில் உச்சிக்கு ஏறி நீர்ப்பரப்பு பளபளக்கும் முன், காற்று அடங்கிய வேளையில், ஆற்று வண்டல் வந்து கலக்காத பருவத்தில் பறக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாததை அளக்க லேசர் இருக்கிறது. லிடார் எனப்படும் இந்தக் கருவியில், நீருக்குள் நன்றாக ஊடுருவும் பச்சை ஒளிதான் முக்கியம். அதன் அலைநீளம் 532 நானோமீட்டர். சில நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் ஒளித்துடிப்புகளை இடைவிடாமல் கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும். மீதி உள்ளே போய்த் தரையைத் தொட்டுத் திரும்பும். இரண்டுக்கும் உள்ள நேர இடைவெளிதான் ஆழத்தைச் சொல்கிறது. தண்ணீரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 10 மீட்டர் ஆழம் போய்வர அதற்கு ஒரு நொடியின் நூறு கோடியில் ஏறத்தாழ 89 பங்கு போதும். பத்து சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால், அந்த நூறு கோடியில் ஒரு பங்கைப் பிரித்தறியும் கடிகாரம் வேண்டும். அப்படிப்பட்ட கருவியைப் பறக்கும் விமானத்தில் ஏற்றி, விமானத்தின் ஒவ்வொரு சாய்வையும் கணக்கிட்டுக் கழித்துத்தான் வரைபடம் உருவாகிறது. ஆஸ்திரேலியக் கடற்படை 1993இல் இதைப் பணியில் சேர்த்தது.

கலங்கல் இதற்குப் பகை. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பது பழைய சோதனை. சக்திவாய்ந்த லேசர் அந்த ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு எட்டும். அலை நுரையோ ஒளியை அங்கேயே சிதறடித்துவிடும். இன்னொரு இடர், லேசர் அளந்த புள்ளிகளை மேசையில் சீராக்கும்போது நேர்கிறது. தரையிலிருந்து தனியாகத் துருத்தும் புள்ளிகளைப் பிழை என்று கணினி நீக்கிவிடக்கூடும். நீக்கப்பட்டது ஒரு கப்பலின் விலாச் சட்டமாகவும் இருக்கலாம்! ஆகவே தொல்லியலாளர்கள் மெருகேற்றிய வரைபடத்தோடு நிற்காமல் மூலப் புள்ளிகளையும் கேட்டு வாங்கவேண்டும்.

மணலுக்குள் புதைந்துவிட்டால் ஒளியால் பயனில்லை. அப்போது காந்தமானி உதவும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட விமானங்களில் ஏற்றிய கருவியின் வழிவந்தது இது. நங்கூரமும் பீரங்கியும் பூமியின் காந்தப்புலத்தை மிகச் சிறிதளவு கோணலாக்குகின்றன. ஆனால் அந்தக் கோணல் தூரத்தோடு வெகு விரைவில் தேய்கிறது: தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் தாழப் பறக்கும் டிரோன்களில் காந்தமானியைத் தொங்கவிடுகிறார்கள். இரும்பு அதிகமில்லாத பழைய மரக்கப்பல் இதற்கும் சிக்காமல் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த முறை, கலங்கலையே சாட்சியாக்குவது. பெல்ஜியத்தின் ஜேப்ருக்கே துறைமுகத்தை ஒட்டிய வடகடல் எப்போதும் சேறு கலந்தது. அங்கே மூழ்கிய கப்பலை மேலிருந்து பார்க்கவே முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூழ்கிய ‘சான்சிப்’, ‘சாம்வெர்ன்’ ஆகியவற்றோடு வேறு இரண்டு கப்பல்களின் இடமும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த இடங்களை லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படங்களில் ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நீரோட்டம் கப்பலைச் சுற்றி மணலை அரித்துக் குழி பறிக்கிறது. ஓட்டம் தணியும் நேரத்தில் அந்தக் குழியில் மென்சேறு படிகிறது. ஓட்டம் மறுபடி வேகம் பிடிக்கும்போது அந்தச் சேறு கிளம்பி மேற்பரப்பு வரை வந்து, புகைபோக்கியிலிருந்து காற்றடிக்கும் பக்கமாய்ச் சாயும் புகை போல நீள்கிறது. அந்தக் கோடு 4 கிலோமீட்டர் வரை போனதுண்டு. அந்தச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். கப்பலே தெளிவாகக் கிடந்தாலும் நாலைந்து புள்ளிகள்தான். சேற்றுக்கோடோ நூற்றுக்கும் மேல். கோடு தொடங்கும் முனையில் கப்பல் இருக்கிறது.

இத்தனை தரவையும் மனிதர் கண்ணால் பார்த்து முடிக்க முடியாது. 2021இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கக் கடற்படையின் தொல்லியல் பிரிவோடு சேர்ந்து, லிடார், சோனார் படங்களில் கப்பல்களை அடையாளம் காணக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 92 சதவீதத் துல்லியம் கிடைத்தது. அதற்காகக் கணினி சொன்னதெல்லாம் கப்பல் ஆகிவிடாது. பாறை வரிசை, பழைய குழாய், மூழ்கிய மரக்கட்டை எல்லாமே வானிலிருந்து பார்த்தால் நீள்வட்ட நிழல்தான். அடையாளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய விபத்துப் பதிவுகளைப் புரட்ட வேண்டும், மீனவர்களிடம் வலை மாட்டும் இடங்களைக் கேட்க வேண்டும். கடைசியில் ஒருவர் நீருக்குள் இறங்கித் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

கண்டுபிடித்ததும் தூக்கிவிடலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நூற்றாண்டுகளாக நீரில் ஊறிய மரம் காற்றுப்பட்டு உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதைக் காப்பாற்றப் பெரும் செலவும் பல ஆண்டு உழைப்பும் ஆகும். யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையும், கிடக்கும் இடத்திலேயே காப்பதைத்தான் முதலில் பரிசீலிக்கச் சொல்கிறது. அங்கேயே விட்டால் அடிக்கடி பார்த்துவர வேண்டியிருக்கும், அதற்கும் விமானமே ஏற்றது. ஒவ்வொரு பெரும்புயலும் கரையோர மணலைப் புரட்டிப்போடுகிறது. போன ஆண்டு புதைந்திருந்தது இந்த ஆண்டு வெளியே வரும், வெளியே இருந்தது புதையும். புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு லிடார் வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், மணல் எங்கே விலகியது, எந்தக் கப்பலுக்கு உடனே காவல் தேவை என்பது தெரிந்துவிடும்.