காளி கோயிலுக்கும் கிளினிக்குக்கும் நடுவில்

இராவணனைக் கொன்ற இராமனைப் பிரமகத்தி தோஷம் விடாமல் துரத்தியதாம். முன்னேஸ்வரத்துக்கு வந்த பிறகுதான் அது அவனை விட்டு விலகியது என்கிறது தலக் கதை. இன்றும் இலங்கையின் சிலாபத்தை அடுத்த இந்தச் சிற்றூருக்கு மனதில் பாரம் சுமந்து வருகிறவர்கள் குறைவில்லை. சிவன் கோயிலை ஒட்டிய பத்திரகாளி கோயிலில் தமிழரும் சிங்களவரும் தேங்காய் உடைத்து முறையிடுகிறார்கள். ஆவணி வாக்கில் ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கும் திருவிழாவில் கூட்டம் இன்னும் பெருகும்.

அந்தக் கூட்டத்தில் பிள்ளைக்காக வரும் பெற்றோரும் இருப்பார்கள். பையன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான், இரவெல்லாம் விழித்திருக்கிறான், வீட்டுச் சாமானை உடைக்கிறான். மகள் அறையைப் பூட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்கிறது ஒரு வாய். வளர்ப்பு சரியில்லை என்கிறது இன்னொரு வாய். இரண்டாவது பேச்சுத்தான் தாயை அதிகம் வதைக்கிறது. செய்வினை என்றால் பழி வேறு யார் மீதோ போகும். வளர்ப்பு என்றால் அவள் தலையில்தான் விடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. பரம்பரை, மூளை வளர்ச்சி, வன்முறை, வறுமை, போதைப்பொருள் என்று காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன. ஒரு தாயின் கண்டிப்பையோ செல்லத்தையோ மட்டும் சுட்டிக்காட்டி முடிக்கக்கூடிய கணக்கு அல்ல இது.

கோயில் தருவதும் தராததும்

கோயிலுக்குப் போவதை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் ஒதுக்குவது எளிது. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் என்ற சிறு கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளர்களைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே விசேஷச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. காலையில் கும்பிடுவது, கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நாள் போனது. வீட்டார் ஒருவர் கூடவே தங்கினார். சில வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. யாரும் விரட்டாத இடமும், ஒழுங்கான நாளும், கூட ஒரு சொந்தமும் செய்த வேலை அது என்றுதான் தோன்றுகிறது.

மறுபக்கமும் உண்டு. சிலாபம் அமைந்த புத்தளம் மாவட்டக் கரைக்கு எதிரே, கடலுக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு கொட்டகை தீப்பிடித்தது. அங்குள்ள தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் உறவினரையும் விட்டுச் சென்ற தனியார் விடுதி அது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

நேர்த்தி வைக்கலாம், நூல் கட்டலாம். பிள்ளையைக் கட்டிப்போடுவதும், அடிப்பதும், பட்டினி போடுவதும், "மருந்தை நிறுத்தினால்தான் பலிக்கும்" என்ற பேச்சைக் கேட்பதும் கூடாது.

பெற்றோர் ஒன்றாக உட்கார்ந்தபோது

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957இல் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதே நிலையத்தில் அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரிடையே நடந்த சோதனையின் முடிவு 1999இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பத்து வாரம் விரிவுரை. மற்றப் பிரிவினர் அதே பத்து வாரம் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் பிள்ளையைப் பற்றித் தாங்களே பேசிக் கேட்டுக்கொண்டார்கள். பேசிக்கொண்ட பெற்றோரிடம்தான் பிள்ளையைக் கையாள்வது பற்றிய மனப்பாங்கிலும் புரிதலிலும் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது.

அறிவுரை சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். "என் மகனும் இப்படித்தான் கதவை உடைத்தான்" என்று சொல்ல ஒருவர் கிடைப்பதுதான் அரிது. கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் இருக்கும் தாயிடம் பேச்சுக் கொடுப்பதுகூட ஒரு தொடக்கம். கோயில் மண்டபத்திலோ முன்பள்ளியிலோ மாதம் ஒருமுறை நாலு பெற்றோர் கூடினால் அதற்குச் செலவு ஒரு தேத்தண்ணீர்தான். ஒரே நிபந்தனை: அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும். சின்ன ஊரில் இது லேசான காரியம் அல்ல.

எங்கே தொடங்குவது

பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியர், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை அலுவலர், சிறு பிள்ளை என்றால் குடும்பநல உத்தியோகத்தர்: இவர்களில் யாரையாவது முதலில் பார்க்கலாம். மருத்துவ உதவிக்குச் சிலாபம் மாவட்ட பொது வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்கும் ஆலோசனைக்கும் பணம் கட்டத் தேவையில்லை. 1926 என்ற தொலைபேசி உதவி எண் தேசிய மனநல நிறுவனத்தினுடையது. 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண். பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் அதை அழைக்க வேண்டும்.

போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோவது நல்லது. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கோபம் எந்த நேரத்தில் வருகிறது, எப்போதிருந்து இப்படி என்று இரண்டு வாரம் குறித்திருந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். தமிழில்தான் மனம் திறந்து சொல்ல முடியும் என்றால், கூச்சப்படாமல் தமிழ் தெரிந்த அலுவலரைக் கேட்க வேண்டும். மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டால், சொல்ல வேண்டியதில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

சில குறிகளுக்குத் தவணை சொல்லக் கூடாது. சாவதைப் பற்றிப் பேசுவது, உடம்பைக் கீறிக்கொள்வது, காதில் குரல் கேட்கிறது என்பது, நாட்கணக்கில் சாப்பிடாமலோ தூங்காமலோ இருப்பது ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அதற்கு முன்பே எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

தாய்க்கு யார் துண்டு எழுதுவது?

வைத்தியர் பிள்ளையின் பெயரில் துண்டு எழுதுகிறார். கூட வந்தவள் மாதக்கணக்கில் தூங்காதவளாக இருக்கலாம்; வெளிநாட்டிலோ கடலிலோ உழைக்கும் கணவனிடம் பாதியை மறைத்துப் பேசுகிறவளாக இருக்கலாம். அவளிடம் யாரும் கேட்காவிட்டால் அவளே சொல்லலாம். காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளை மீது கை ஓங்கும் அளவுக்குக் கோபம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அவளும் அதே கிளினிக்கில் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். 1926க்கு அவள் தனக்காகவும் அழைக்கலாம்.